‘வலி வரட்டும்’ என்று சொன்னது யார்?

ஸ்ரீரங்கத்தில் இருசம்மாளின் ஸ்கூட்டி நுழையாத தெரு அநேகமாக இல்லை. நகர்ப்புற சுகாதார செவிலியர் என்பது அரசாங்கம் கொடுத்த பெயர். ஜனங்களுக்கு அவள் நர்ஸம்மா. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று ஒரு பெண் வெட்கத்தோடு சொல்லும் நாளில் தொடங்கும் அவள் வேலை, பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்கும்வரை நீளும். எடை பார்ப்பாள், ரத்த அழுத்தம் பார்ப்பாள், இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே வீசியிருக்கிறார்களா என்று கீழே போய்ப் பார்ப்பாள். பால் கட்டிக்கொண்டு ஜுரம் வந்தவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மார்பைப் பிடித்துவிட்டு, குழந்தையை எப்படிச் சாய்த்து வைத்துக்கொள்வதென்று காட்டுவாள். பிரசவமான பத்தாம் நாள் காரணமே இல்லாமல் அழுதுகொண்டிருப்பவளிடம், “அழு. ஆனா தனியா இருக்காத. எனக்கு ஒரு போன் பண்ணு” என்பாள்.

வீடு என்றால் எல்லா வீடும் ஒன்றல்ல. சில வீடுகளில் காபி கொடுப்பார்கள். சில வீடுகளில் அவள் உட்கார்ந்த நாற்காலியை, அவள் லிஃப்ட்டுக்குப் போவதற்குள் துடைப்பார்கள். பச்சைமலையிலிருந்து வந்தவள் என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. “இருசம்மாளா? வித்தியாசமான பேரா இருக்கே, எந்த ஊரு?” என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவள் கணவன் துவாக்குடியில் இன்ஜினியரிங் மாணவர்களின் விடுதியில் சமையல்காரன். “நாற்காலியைத் துடைக்கட்டும். நீ சொன்ன மாத்திரையைப் போட்டாங்கல்ல?” என்பான். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

இந்த வேலைக்கு அவள் வந்ததற்குக் காரணம் அக்கா வெள்ளச்சி. மலையில் அப்போது பஸ் கிடையாது. இரண்டு நாள் வலியில் துடித்தவளைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பதினைந்து வயது இருசம்மாள் தண்ணீர்ச் செம்போடு பின்னால் ஓடினாள். அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது கட்டிலைத் தூக்கியவர்களில் ஒருவர் கையை விட்டுவிட்டு உட்கார்ந்தார். இனி அவசரமில்லை என்று அதற்கு அர்த்தம். வயிற்றிலிருந்தது கடைசிவரை வெளியே வரவில்லை. அடுத்த வருஷமே அவள் மலையை விட்டு இறங்கி, விடுதியில் தங்கிப் படித்து, நர்ஸ் பயிற்சிக்குப் போனாள். அவள் ஊரில் அந்தப் படிப்பைப் படித்த முதல் பெண் அவள்தான்.

நிஷாவை அவள் முதலில் பார்த்தபோது நிஷாவுக்கு மூன்று மாதம். அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கணவன் ராஜ்மோகன் துவாக்குடியில் இரும்புக் கூரைகளும் கதவுகளும் செய்யும் பட்டறை வைத்திருந்தான். பிரசவம் தில்லைநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என்று முடிவாகியிருந்தது. இருந்தாலும் கர்ப்பிணிகள் யாராயிருந்தாலும் அரசாங்கத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவுக்காகத்தான் இருசம்மாள் போனாள். நிஷாவுக்கு அம்மா இல்லை; அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு சேலத்தில் இருந்தார். வளைகாப்புக்குக்கூட அவர் வரவில்லை. அதனாலோ என்னவோ, மாதம் ஒருமுறை வரும் இருசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் விடவே மாட்டாள்.

“அக்கா, இது உதைக்கிறதா, வாயுவா?”

“உதைக்குது. நீ சாப்பிடலைன்னு கோவம் போல.”

மாமியார் மீனாம்பாள் எப்போதும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். கண்டிப்பான பெண்மணி, ஆனால் பால் காய்ச்சி, மாதுளை உரித்து, மருமகளுக்குக் குறை வைத்ததில்லை. ஒருநாள் அவளே இருசம்மாளிடம் ஒரு கதை சொன்னாள். அவளுடைய இரண்டாவது மகன் சித்திரை நட்சத்திரத்தில் பிறந்தான். நாற்பதாம் நாள், துவாக்குடி ரோட்டில் லாரி மோதி அவள் புருஷன் செத்துப்போனான். ‘சித்திரை அப்பன் தெருவிலே’ என்று இழவு வீட்டிலேயே சொன்னார்களாம். அந்தக் குழந்தையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டாள். இன்றுவரை அவனை அவள் வீட்டுக்குள் சேர்த்ததில்லை. “எனக்கு இவன் ஒருத்தன்தாம்மா மிச்சம்” என்று ராஜ்மோகனின் போட்டோவைக் காட்டினாள். இருசம்மாளுக்கு அன்று அவள்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் மாதம் முடியும் நேரத்தில் இருசம்மாள் நிஷாவையும் மீனாம்பாளையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னாள்: “வலி வந்தா நிதானமாப் போகலாம். ஆனா நீர்க்குடம் உடைஞ்சிட்டா வலி இருக்கோ இல்லையோ, உடனே ஆஸ்பத்திரிதான். ஒரு மணி நேரம்கூட வீட்ல இருக்கக் கூடாது.” இருவரும் தலையாட்டினார்கள். அவளும் கிளம்பினாள். யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. அப்போது அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அது ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பது ஐம்பதுக்கு நிஷாவிடமிருந்து போன் வந்தது. குரல் தாழ்ந்து, எதிரொலியோடு கேட்டது, பாத்ரூமிலிருந்து பேசினாள்.

“அக்கா, காலைல ஆறு மணிக்கே தண்ணி போயிடுச்சு. போயிட்டே இருக்கு. வலி மட்டும் இல்ல.”

“ஆறு மணிக்கா? இன்னும் வீட்லயா இருக்க?”

“அத்தை காலண்டரைப் பார்த்தாங்க. ரெண்டு இருபது வரைக்கும் சித்திரையாம். அதுக்கப்புறம் போலாம்ங்கறாங்க. போனா உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துடுவாங்களாம்.”

“நிஷா, நான் சொல்றதைக் கேளு. இப்பவே கிளம்பு. யார் என்ன சொன்னாலும் கிளம்பு. நானும் வரேன்.”

நான்கு நிமிஷப் பேச்சு. பதினைந்து நிமிஷத்தில் இருசம்மாள் மூன்றாவது மாடியில் நின்றாள். கதவைத் திறந்தது மீனாம்பாள். கூடத்துச் சுவரில் தினசரிக் காலண்டர். நட்சத்திரத்துக்கு நேராகச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டிருந்தது.

உள்ளே நிஷா, பழைய சேலையை மடித்துப் போட்டு அதன்மேல் படுத்திருந்தாள். இருசம்மாள் கையுறை மாட்டிக்கொண்டு துணியை விலக்கிப் பார்த்தாள். நீர் பச்சையாகப் போயிருந்தது. உள்ளேயே குழந்தை மலம் கழித்துவிட்டது என்று அர்த்தம். பையிலிருந்த கருவியை வயிற்றில் வைத்து இதயத் துடிப்பை எண்ணினாள். நூற்று நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூற்றாறு. நகர்த்தி வைத்து மறுபடி எண்ணினாள். தொண்ணூற்றாறுதான். குறிப்பேட்டில் நேரத்தையும் எண்ணையும் எழுதிவிட்டு, அங்கேயே நின்று ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். மணி பத்து இருபத்திரண்டு.

“அம்மா, பிள்ளைக்கு மூச்சு முட்டுது. இன்னும் நாலு மணி நேரம் தாங்காது.”

“அதெல்லாம் தாங்கும்மா. எங்க காலத்துல ரெண்டு நாள் ஆகும். யாரும் செத்துப் போகல.”

“செத்துப் போனவங்களை நான் பார்த்திருக்கேன் அம்மா.”

“அது உங்க மலையில.”

இருசம்மாள் நிஷாவைக் கைத்தாங்கலாக எழுப்பி உட்கார வைத்தாள். நிஷா எழுந்தாள். இரண்டடி வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

“அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டா வந்துடறேன் அக்கா.”

ராஜ்மோகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். பின்னணியில் இரும்பு அறுக்கும் சத்தம். இருசம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள், பச்சை நீர், தொண்ணூற்றாறு, ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது. அவன் பொறுமையாகத்தான் கேட்டான்.

“நீங்க டாக்டரா?”

“இல்ல சார். ஆனா...”

“அப்ப பயமுறுத்தாதீங்க. நிஷா, ரெண்டு மணிக்கு நானே காரை எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் அம்மா சொல்றதைக் கேளு.”

நிஷா படுக்கைக்குத் திரும்பிப் போனாள். இருசம்மாள் அவள் கையை விடவில்லை. மீனாம்பாள் வந்து விரல் விரலாகப் பிரித்துவிட்டாள். அடிக்கவில்லை, கத்தவில்லை. இருசம்மாளின் பையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்து, “நீ நல்லவதான், உன் வேலையைப் பார்த்துட்ட, போயிட்டு வா” என்றாள். கதவு சாத்தப்பட்டது, உள்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கீழே ஆம்புலன்ஸ் வந்தது. இருசம்மாள் படியிறங்கி ஓடுவதற்குள் வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லி மீனாம்பாள் மேலேயிருந்து வாட்ச்மேனுக்கு இன்டர்காமில் சொல்லிவிட்டாள். இருசம்மாள் கேட்டை அடைந்தபோது வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. அவள் டிரைவரிடம் போய், ஜன்னலைத் தட்டி, மன்றாடினாள். வண்டியில் வந்தவர்களும் மேலே வந்து கதவைத் தட்டிப் பார்த்தார்கள். “இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல, யாரோ தப்பாக் கூப்பிட்டிருக்காங்க” என்று உள்ளிருந்தே பதில் வந்தது. திறக்காத கதவை உடைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. வேறொரு அழைப்பு வந்ததும் போய்விட்டார்கள்.

சுகாதார நிலையத்து டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். “தனியார்ல பார்க்கிறவங்க இருசம்மா. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டீங்கல்ல? எழுதி வச்சிட்டு வாங்க. பெரிய இடம், பிரச்சனை பண்ணாதீங்க” என்றார் அவர். அவள் போகவில்லை. மூன்றாம் மாடிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். எதிர்வீட்டில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற பீமராவ் தனியாக இருந்தார். அவர் கதவைத் திறந்து ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். “எல்லாம் கேட்டுக்கிட்டுத்தாம்மா இருந்தேன். அநியாயம். என்ன பண்றது, அடுத்த வீட்டு விஷயம்” என்றார். அவள் மோரை வாங்கினாள், குடிக்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்க் கதவைத் தட்டினாள். கடைசியில் உள்ளேயிருந்து டி.வி. சத்தத்தைக் கூட்டினார்கள்.

ராஜ்மோகன் சொன்னபடியே இரண்டு மணிக்கு வந்தான். இரண்டு இருபத்தைந்துக்கு நிஷாவை வெளியே அழைத்து வந்தார்கள். தலையில் பெருமாள் கோயில் துளசித் தீர்த்தம், நெற்றியில் குங்குமம். லிஃப்ட்டுக்குள் போகும்போது நிஷா இருசம்மாளைப் பார்த்து, “அசையல அக்கா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. போன உடனே வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். ஆண் குழந்தை. மூன்று கிலோவுக்கு மேல் எடை, தலை நிறைய முடி. அழவில்லை. குழாய் மாட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். சுவாதி நட்சத்திரத்தில், எந்த தோஷமும் இல்லாமல் பிறந்து, மூன்றாம் நாள் காலையில் செத்துப்போனது.

அடுத்த வாரம் இருசம்மாளின் பேரில் புகார் வந்தது.

குழந்தை இறந்தால் எதனால் என்று சுகாதாரத் துறை விசாரிக்கும். தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள், தாமதமாக வந்தார்கள் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். ஏன் தாமதம் என்ற கேள்விக்கு ராஜ்மோகன் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தான்: ‘என் மனைவி சுகாதார செவிலியருக்கு போன் செய்து கேட்டார். வலி வரட்டும், காத்திருங்கள் என்று அவர் சொன்னதை நம்பி வீட்டில் இருந்தோம்.’ ஒன்பது ஐம்பதுக்கு நான்கு நிமிஷம் பேசிய பதிவை போனிலிருந்து எடுத்து இணைத்திருந்தான்.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. அதிகாரி சத்தம் போடாத மனிதர். இருசம்மாள் தன் குறிப்பேட்டைக் காட்டினாள். “இதைப் பிறகுகூட எழுதியிருக்கலாமே” என்றார். ஆம்புலன்ஸ் கூப்பிட்டதைச் சொன்னாள். “கூப்பிட்டது பதிவுல இருக்கும்மா. தவறான அழைப்புன்னு திரும்பினதும் பதிவுல இருக்கு. நீங்களே கூப்பிட்டு நீங்களே அனுப்பிச்சிட்டீங்களா என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். டாக்டரம்மா, தனக்கு ஒரு போன் வந்தது உண்மை, ஆனால் நிலைமை இவ்வளவு மோசம் என்று செவிலியர் தெளிவாகச் சொல்லவில்லை என்றார். பீமராவை அழைத்தார்கள். அவர் அன்று மகள் வீட்டுக்குத் தஞ்சாவூர் போயிருந்ததாகச் சொன்னார். சொல்லும்போது இருசம்மாளைப் பார்க்காமல், மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்.

கடைசியில் நிஷா வந்தாள். தையல் ஆறாததால் மெதுவாக நடந்தாள். வலது மார்பு கட்டி, பால் ஊறி ரவிக்கை நனைந்திருந்ததை இருசம்மாள் பார்த்தாள். பால் வற்றுவதற்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று அவளுக்கு உடனே புரிந்தது. ஒரு பக்கம் ராஜ்மோகன், ஒரு பக்கம் மீனாம்பாள்.

“அந்தம்மா போன்ல உங்ககிட்ட என்ன சொன்னாங்க?” என்று அதிகாரி கேட்டார்.

நிஷா கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. மீனாம்பாள் மருமகளின் முந்தானையை இழுத்து, ஈரம் தெரியாமல் மூடிவிட்டாள்.

“வலி வரட்டும்னு சொன்னாங்க.”

“வேற?”

“காத்திருக்கச் சொன்னாங்க.”

இருசம்மாள் எழுந்து நின்றாள். பேச வேண்டும் என்றுதான் எழுந்தாள். “நிஷா, உனக்குப் பால் கட்டியிருக்கு. இறுக்கமாக் கட்டாத, ஜுரம் வரும். டாக்டர்கிட்ட சொல்லு” என்பதுதான் வாயில் வந்தது. அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். மீனாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வேலை போகவில்லை. ‘கவனக்குறைவு’ என்ற ஒற்றைச் சொல்லைப் பணிப் பதிவேட்டில் ஏற்றி, திருவெள்ளறைப் பக்கம் துணை சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். ஸ்ரீரங்கத்தில் செய்தி அவளுக்கு முன்பே வீடு வீடாகப் போயிருந்தது. ஆறு வருஷமாகப் பார்த்த பெண்களில் சிலர் அவளைக் கண்டதும் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தி மட்டும் நின்றாள். பரிவோடு, “அப்படி ஏன்க்கா சொன்னீங்க?” என்று கேட்டாள். இருசம்மாளுக்கு வசவைவிட அந்தப் பரிவுதான் தாங்கவில்லை.

திருவெள்ளறையில் அவள் வேறு ஆளாக வேலை பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தையையும் அட்டையில் எழுதி, கர்ப்பிணியிடம் ஒரு கையெழுத்து, புருஷனிடம் ஒன்று, மாமியாரிடம் ஒரு கைரேகை. வயல் வேலைக்கு நடுவில் கூப்பிட்டு மை தடவினால் யாருக்குக் கோபம் வராது? “என்னமோ நிலத்தை எழுதி வாங்குற மாதிரி வாங்குறாளே” என்று முணுமுணுத்தார்கள். பெண்களின் கையை அவள் பிடிப்பதில்லை. பிரசவம் ஆனால் எனக்கு ஒரு போன் பண்ணு என்று யாரிடமும் சொல்வதுமில்லை. வேலையில் குறை இல்லை. இரண்டு வருஷத்தில் அந்தப் பகுதியில் ஒரு தாயும் ஒரு சிசுவும் சாகவில்லை. அதை யாரும் எங்கும் எழுதவில்லை.

மூன்றாவது வருஷம் தொடங்கியபோது, ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிஷா வந்து நின்றாள். வயிறு ஐந்து மாதம். கையில் துளசி மாலை. “இந்த ஊர்ப் பெருமாளைச் சேவிச்சிட்டு வரேன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன்க்கா” என்றாள். வரிசையில் நான்கு பெண்கள் இருந்தார்கள். இருசம்மாள் அவளைக் கடைசியில் உட்காரச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

நிஷா காலில் விழப் போனாள்.

“அதெல்லாம் வேண்டாம். குனியாத.”

“அன்னைக்கு நான் சொன்னது... அந்த வீட்டுக்குத்தானே அக்கா நான் திரும்பிப் போகணும். எனக்கு வேற எங்க போறதுன்னு தெரியல. என்னை மன்னிச்சிடுங்க.”

“கையை நீட்டு, பி.பி. பார்க்கிறேன்.”

ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. குழந்தையின் துடிப்பு நூற்று நாற்பத்தெட்டு. அதை எழுதி முடித்துவிட்டு, இருசம்மாள் மேஜை டிராயரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தாள். அதன்மேல் பேனாவை வைத்தாள்.

“நான் என்ன சொன்னேன்னு எழுது. நிஜமா என்ன சொன்னேனோ அது மட்டும். தேதி போட்டுக் கையெழுத்துப் போடு.”

நிஷா பேனாவை எடுத்தாள். ‘ஐயா’ என்று எழுதினாள். அதற்குமேல் கை நகரவில்லை.

“இதுல அவர் பேர் வரும்ல அக்கா?”

“வரும்.”

நிஷா பேனாவை மூடி, தாளுக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள். அழுதாள். இருசம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

“அப்படின்னா மன்னிப்பு என்கிட்ட கிடையாது நிஷா. உனக்கு நான் கொடுக்க வேண்டியது வேற. அதைக் கொடுத்துடறேன், கேட்டுக்க. இந்தத் தடவை நீர் போனாலோ வலி வந்தாலோ வீட்ல யார்கிட்டயும் சொல்லாத. மணி பார்க்காத, செருப்பைத் தேடாத. கீழ இறங்கு, ஆட்டோவைக் கூப்பிடு, ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கினப்புறம் புருஷனுக்குப் போன் பண்ணு. எனக்குப் பண்ணாத.”

“நீங்க கூட இருக்க மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

நிஷா அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும் என்றாள் இருசம்மாள். அழுகையோடு திருப்பிச் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல். பிறகு அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். துளசி மாலையை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நான்கரை மாதம் கழித்து, ஸ்ரீரங்கத்தில் அவள் இடத்துக்கு வந்த இளம் செவிலியர் லிசி போன் செய்தாள். “அக்கா, உங்க கேஸ் ஒண்ணு, நிஷா. காலைல ஏழு மணிக்கு நைட்டியோட தனியா ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. மாமியார் குளிச்சிட்டு வந்து பார்த்தா ஆளைக் காணோமாம். பொம்பளைப் பிள்ளை. நல்லா இருக்கு. ஆனா வீட்ல யாரும் இன்னும் வந்து பார்க்கல. மாமியார் உள்ள சேர்க்க மாட்டேன்னுட்டாங்களாம். அந்த ஆளும் ஒண்ணும் சொல்லலையாம். வார்டுல தனியாத்தான் கிடக்கா.”

இருசம்மாள் அப்போது ஒரு குழந்தையை எடை போட்டுக்கொண்டிருந்தாள். முள் நிற்கும்வரை காத்திருந்து, எண்ணை எழுதிக்கொண்டாள்.

“பால் குடிக்குதா?” என்று கேட்டாள்.

“குடிக்குதுக்கா.”

“சரி. வலது பக்கம் பால் கட்டும் அவளுக்கு. போய்ப் பாரு” என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.